மூன்றாவது இணைப்பு

இக்கிட்டோசுக்குச் சாலை கிடையாது.
எதுவானாலும் ஆற்றில் வரும், இல்லை வானில் வரும்.
அந்த மே மாதம் இரண்டிலும் வரவில்லை
எங்களுக்கு வேண்டியிருந்த காற்று.

லிமாவிலிருந்து நிருபர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்:
"உலகத்தின் நுரையீரலுக்கே மூச்சுத் திணறுகிறதாமே, டாக்டர்?"
நல்ல வரி.
அதை எந்த உருளையிலும் அடைக்க முடியாது
என்று சொல்லி வைத்துவிட்டேன்.
பாவம், அவர் என்ன செய்வார்.
எனக்கு அது தூங்காத முப்பத்தொன்றாவது மணி,
கவசத்துக்குள் வியர்வை காலுறை வரை இறங்கியிருந்தது.

முதுகில் தடித்த பேனாவால்
என் பெயரை எழுதிவிட்டிருந்தாள் செவிலி நெய்டி.
முகம் இல்லாத நாட்கள்.
முதுகைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள்.

பதினான்காம் கட்டில் எலியோதோரோ அரிராமா,
படகு மோட்டார் பழுது பார்ப்பவர்.
விரலில் மாட்டிய கருவி எழுபத்தொன்பது என்றது.
அவரோ என்னை அருகே அழைத்து
சொல்லுக்கொரு மூச்சாக,
"டாக்டர்... மூன்றாவது இணைப்பு... கசிகிறது."
ஜுரத்தில் பிதற்றுகிறார் என்று குறித்தேன்.
என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது அந்தக் குறிப்பு.

நெய்டிதான் போய்ச்
சுவரோரக் குழாயில் சோப்பு நுரை தடவிப் பார்த்தாள்.
மூன்றாவது இணைப்பில்
தவளைத் தொண்டை போல ஒரு குமிழி
உப்பியது, வெடித்தது, மறுபடி உப்பியது.

எத்தனை இரவாக, எத்தனை பேருடைய பங்கு
அந்த ஊசித்துளை வழியே
கூரைத் தகரத்துக்குப் போயிருக்கும்?
எனக்குக் கணக்குப் போடத் தெரியும்.
போடவில்லை.

நாடா சுற்றி அடைத்தோம்.
கண்ணை மூடிக் கேட்டார்,
தூரத்தில் வரும் பெக்கே-பெக்கே படகுக்குக்
காது கொடுப்பவர் போல.
"பரவாயில்லை," என்றார்.
என் வேலைக்கு இதுவரை கிடைத்ததில்
நான் நம்பிய மதிப்பெண் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை விடியலில்
இரண்டு கட்டில், ஓர் உருளை.
இதை எப்படிச் சொன்னாலும் அழகாகிவிடுகிறது,
அதனால் சொல்லாமல் விடுகிறேன்.
உருட்டியது என் கை.
பதினான்காம் கட்டிலைத் தாண்டி
சிமெண்டுத் தரையில் அது போன சத்தம்
அவருக்கும் கேட்டிருக்கும்.
எதையும் தவறவிடுகிற காதில்லை அது.

வீட்டில் வில்மர்
தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு
ஐந்தடி தள்ளி நிற்பான்.
இருபது வருடத் தாம்பத்தியத்தில்
நாங்கள் அதிகம் பேசியது அந்தக் கதவிடுக்கு வழியாகத்தான்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
சில நாட்கள் சந்தோஷமாகவும் இருந்தேன்.
வறுத்த வாழைக்காயின் வாசனை மூக்குக்கு எட்டினால்
இன்றைக்கும் எனக்கு நோயில்லை என்று
விரல் நக்கிச் சாப்பிட்டேன்,
அன்றைக்கு யார் போயிருந்தாலும்.

இரண்டு வருடம் கழித்து
வயிற்று வலிக்கென்று வந்தாள் ஸொய்லா அரிராமா.
மருந்துச் சீட்டை நாலாக மடித்தபடி கேட்டாள்:
"அப்பா கடைசியில்
எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார்?"

"ஆற்றுப் பக்கம்."

அந்த வார்டுக்கு
ஆற்றுப் பக்கம் சன்னல் கிடையாது.
அவள் அங்கே மூன்று வருடம் தரை துடைத்தவள் என்று
நெய்டி சொன்னது மறுநாள்தான்.
"நன்றி, டாக்டர்," என்று எழுந்து போயிருந்தாள்.
எதற்கு நன்றி என்று
தேடிப்போய்க் கேட்க எனக்குத் துணிவில்லை.

இப்போது முற்றத்தில் புது ஆக்சிஜன் ஆலை இரைகிறது.
குழாயெல்லாம் மாற்றியாயிற்று,
இணைப்புகளும் வேறு இடத்தில்.
ஆனாலும் காலைச் சுற்றுக்கு முன்
சுவரோரமாக எண்ணிக்கொண்டு போய்
மூன்றாவதில் நுரை தடவுகிறேன்.
பயிற்சி மருத்துவன் ஒருவன் சிரிக்கிறான்.
சிரித்துவிட்டுப் போகட்டும்.

குமிழி வரவில்லை.
இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.