குருணை

ஆறு வருடம் கழிவறைக் காகிதம் விற்றோம்.
மூட்டைக்கு அறுபது குரோனர் லாபம்.
ஹெஸ்ட்விக்கில் எங்களிடம் வாங்காத வீடு கிடையாது;
பாதிரியார் வீட்டு மச்சில் இன்னும் அடுக்கியிருக்கிறது.
கணக்கு என்னிடம்.
இந்தப் பச்சைக்காகத் தூக்கிய கைகளில்
முதல் கையும் என்னுடையதுதான்.

பழைய மைதானத்தை நீங்கள் பார்த்ததில்லை.
அக்டோபரில் சேறு. ஜனவரியில் இரும்பு.
மே மாதம் ஏதோ மனம்வந்து கொஞ்சம் புல்லாகும்,
அதற்குள் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள்.
கோல் கம்பங்களுக்கு நடுவே
ஒரு கட்டில் அளவுக்கு எதுவுமே முளைத்ததில்லை.
என் மகள் இங்வில்டின் இடம் அது.
புல் தடுக்கி விழுந்தவளைக் கேலி செய்யலாம்;
தடுக்கவாவது புல் வேண்டாமா?

எதிர்த்தது ஒருத்தர், உயிரியல் ஆசிரியை தூர்டிஸ்.
மண்வெட்டியால் வெட்டிய ஒரு துண்டு மைதானத்தை
ரொட்டித் தட்டில் வைத்துக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்.
மேசைமேல் வைத்தார். பேசவில்லை.
ஒரு மண்புழு மெல்ல இறங்கி
வரவுசெலவு அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில்
ஈரமாகக் கையெழுத்துப் போட்டது.
சிரித்தோம்.
வாஃபிள் ஆறிக்கொண்டிருந்தது.
பதினேழுக்கு ஒன்று.

சுரண்டி எடுத்த பழைய மண்ணை
யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம் என்றார்கள்.
தூர்டிஸ் மட்டும் தள்ளுவண்டியோடு மூன்று நடை வந்தார்.
புதுப் புல்வெளி லாரியில் வந்தது, பாய்ச் சுருளாக.
கோடுகளையும் சேர்த்தே நெய்திருந்தார்கள்.
கோடு போடும் ஓஸ்முண்ட்
"அப்பாடா, முதுகு தப்பித்தது" என்றார்.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன்.
மாலை நாலு மணிக்கே இருட்டு, சாய்வாக மழை,
விளக்குகளின் கீழே பதினான்கு சிறுமிகள்
வழுக்காமல் ஓடினார்கள்.
இங்வில்ட் இடப்பக்கம் பாய்ந்து பிடித்த பந்தை
இறக்க மனமில்லாமல் நின்றாள்.
காருக்குள் தனியாக நான் கைதட்டினேன்.

பிறகு குருணை.
டயரை அரைத்துத் தூவிய கறுப்புக் குருணை.
காலுறையில், சலவை இயந்திரத்தின் வடிகட்டியில்,
தலையணையில், காதுமடலில்,
ஒருநாள் வெண்ணெயில்.
கணக்குக்காரிக்குக் கை சும்மா இருக்குமா?
சமையலறைத் தராசில் நிறுத்தேன்:
வாரத்துக்கு நாற்பத்திரண்டு கிராம், ஒரு பிள்ளைக்கு.
நூற்று நாற்பது பிள்ளைகள். நாற்பது வாரம்.
பெருக்கிப் பார்த்தேன்.
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.
அது வீட்டுக்கு வந்தது மட்டும்.
பனி தள்ளும் வண்டி ஓடைப்பக்கம் குவித்ததையும்
ஓடை ஃபியோர்டுக்குக் கொண்டுபோனதையும்
எந்தத் தராசில் வைப்பது?

ஜூனில் வெயில் என்று ஒன்று மூன்று நாள் வந்தது.
மைதானம் டயர் கடை வாசனை அடித்தது.
இங்வில்டின் முழங்காலில் தோல் வழண்டு
படுக்கை விரிப்போடு ஒட்டிக்கொண்டது.
பிரித்தபோது அவள் கத்தவில்லை.
"சேறே தேவலையா?" என்று கேட்டேன்.
"உனக்கென்ன பைத்தியமா அம்மா?" என்றாள்.

மறு ஏப்ரலில் ஒரு கடற்காகம் வந்து
பெனால்டி புள்ளிக்குப் பக்கத்தில் நின்று
இரண்டு காலாலும் தரையை மிதிக்க ஆரம்பித்தது.
தட தட தட.
மழையென்று நம்பிப் புழுக்கள் மேலே வரும்;
அதற்குத் தெரிந்த தந்திரம்.
மிதித்தது. தலை சாய்த்துக் கேட்டது. மறுபடி மிதித்தது.
பயிற்சி தொடங்கும்வரை, முக்கால் மணி நேரம்.
கார்க் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.
கடைசியில் ஒரு குருணையைக் கொத்தி,
துப்பி,
திரும்பவும் கொத்தியது.

கம்பெனியின் உத்தரவாதம் பத்து வருடம்.
இப்போதே சேர்த்தால்தான் அடுத்த பாய்க்கு ஆகும்.
கோல் வாயில் ஏற்கெனவே, ஒரு கட்டில் அளவுக்கு,
பிளாஸ்டிக் இதழ்கள் படுத்துவிட்டன.
டிக்கியில் இருபது மூட்டை.

தூர்டிஸின் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறேன்.
படிக்கட்டை ஒட்டிக் கணுக்கால் உயரத்துக்குப் புல்,
அந்த மூன்று நடை மண்ணில்.
எங்காவது சுண்ணாம்பின் வெள்ளை தெரிகிறதா
என்று குனிந்து பார்க்கிறேன்.
உள்ளே காலடிச் சத்தம்.
அவர் எப்போதும் இரண்டு மூட்டை வாங்குவார்.