மைனஸ் முப்பத்தேழு

மைனஸ் முப்பத்தேழிலும் உறையாது
என்று டப்பாவில் போட்டிருக்கிறது.
காமராசர் சாலை, பகல் பன்னிரண்டரை,
அக்கினி நட்சத்திரம் நாலாம் நாள்.
கடைக்குள் ஃபேன் சுற்றுகிறது,
அனலை இடம் மாற்றி வைக்கிறது.

துளசிராம் டப்பாவைக் கையில் தரவில்லை.
"இப்ப உள்ள என்ன ஊத்தியிருக்கு?"
தெரியாது. பழைய வண்டி,
திருப்புவனத்து வாத்தியார் ஒருவர் விற்றது.
மூடியைத் திறந்தால்
டீக்கடை வடிகட்டியைப் பிழிந்த மாதிரி ஒரு நிறம்.
"அப்ப மேல எதையும் ஊத்தாதீங்க.
சேராததச் சேத்தா கூழாயிரும்,
கூழு ரேடியேட்டர்ல போய் உக்காந்துக்கும்.
தெளிஞ்சு வர்ற வரைக்கும் அலசுங்க.
வண்டி புஸ்தகத்துல எது போட்டிருக்கோ அதை வாங்குங்க.
கலரை நம்பாதீங்க,
சாயம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்."

ஸ்டாண்டில் வெள்ளைக்கண்ணு சிரித்தான்.
"குழாய்த் தண்ணி போதும்க்கா,
பத்து வருசமா எனக்கு அதான்."
வாரம் ஒரு தடவை கப்பலூர் டோல்கேட்டில்
அவன் வண்டி வாயைப் பிளந்து நிற்பதை
அவன் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒத்தக்கடையில் எங்கள் போர் தண்ணீர்
குடத்துக்குள் வெள்ளையாய்ப் பூக்கும்.
பருப்பே வேகாத தண்ணீர்,
எஞ்சினிடம் மட்டும் அதன் பருப்பு வேகுமா.
பேட்டரிக் கடையில்
காய்ச்சி வடித்தது பத்து லிட்டர் வாங்கினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கும்
யானைமலை சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது.
எஞ்சின் ஆறும்வரை மூடியைத் தொடவில்லை
(ஒருமுறை தொட்டிருக்கிறேன்,
முழங்கைக்குக் கீழே இருக்கிறது).
நாலாவது அலசலில்தான்
தண்ணீர் தண்ணீராக வந்தது.

மூன்று லிட்டர் அது, மூன்று லிட்டர் இது.
அதையே நிறைய ஊற்றினால்
நிறையக் குளிரும் என்றிருந்தேன்.
இல்லையாம். சூட்டைச் சுமப்பது தண்ணீர்தானாம்.
மற்றது
அதைக் கொதிக்க விடாமல், இரும்பை அரிக்க விடாமல்
பக்கத்திலேயே நிற்குமாம்.

அரை லிட்டர் மிஞ்சியது.
கைக்கு அகப்பட்ட சர்பத் பாட்டிலில் ஊற்றி
படிக்கட்டில் வைத்துவிட்டுக் கை கழுவினேன்.
ரோஜா நிறம். நாக்கில் பட்டால் இனிக்கும்,
கிட்னியைத் தின்றுவிடும் என்று
துளசிராம் சொல்லித்தான் அனுப்பினார்.
வாசலில் மகன் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம்.
ஓடிப்போய் எடுத்துப்
பழைய கழிவு வாளியில் கவிழ்த்தேன்.
பாட்டிலையும் மிதித்து நசுக்கினேன்.
"என்னம்மா, சர்பத்தா?" என்றான்.
நெஞ்சு அடித்துக்கொண்டதில்
பதில் வரக் கொஞ்சம் நேரமானது.

மறுநாள் கப்பலூர் வரிசையில் நாற்பது நிமிடம்.
முள் பாதியைத் தாண்டவில்லை.
முன்னால் பானட்டைத் தூக்கிவிட்டு
வெள்ளைக்கண்ணு நடந்து வந்தான்.
"தண்ணி இருக்காக்கா?"
மிஞ்சிய கேனை நீட்டினேன்.
முதலில் தான் ஒரு மடக்குக் குடித்தான்.
"என்னக்கா இது," என்றான்,
"ருசியே இல்ல."