பக்கத்துக்கு எண்பது பேசோ

கொரொனேல் துறைமுகத்துக்கு மேலே
மூன்றாம் வளைவில் என் கடை.
தட்டச்சு, நகல், லேமினேஷன்,
பள்ளிக் குழந்தைகளுக்குப் பசை.
மீன்மாவு ஆலையின் நாற்றம்
காகிதக் கட்டுக்குள்ளும் ஏறியிருக்கும்.
இங்கே அச்சாகும் எந்த பயோடேட்டாவும்
வேலை கிடைக்கும் முன்பே
வேலை பார்த்த வாடை வீசும்.

யஸ்னா வென்சுமில் வந்தாள்,
மழைக்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.
குளிர்பதனக் கிடங்கில்
கொள்முதல் எழுத்தர் வேலை.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

பள்ளி, அடித்தேன்.
கணக்குப்பதிவியல் இரண்டு வருடம், அடித்தேன்.
செபுல்வேதா மளிகையில் காசாளர், அடித்தேன்.
அதற்குப் பிறகு எட்டு மாதம்
திரையில் கர்சர் மட்டும் துடித்தது.

"இந்த எட்டு மாசம்?"
"உனக்குத் தெரியாதா?"
தெரியும்.
நானும் தட்டேந்தி வரிசையில் நின்றிருக்கிறேன்.

வேலைநிறுத்தத்தின் ஆறாவது வாரம்
கடைகள் கடன் தருவதை நிறுத்தியபோது
தீயணைப்பு நிலையத்தின் பின்முற்றத்தில்
பொதுப்பானை ஏற்றியவள் அவள்தான்.
நாளுக்கு முந்நூற்றுப் பத்துத் தட்டு.
எந்தப் படகு எத்தனை கிலோ சார்டின் தந்தது,
யார் வீட்டு விறகு,
எந்தப் பிள்ளைக்குப் பருப்பு ஒத்துக்கொள்ளாது
எல்லாம் ஒரு பச்சை நோட்டில்.
கணக்கு ஒரு நாளும் உதைத்ததில்லை.
கொள்முதல் எழுத்தர் என்றால்
வேறென்ன செய்வாராம்?

ஆனால் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில்
'டயர், இருபத்திரண்டு' என்றும் இருக்கிறது.
பாலத்தில் எரிந்தவை.
மூன்று நாள் தாண்ட முடியாமல் நின்ற லாரிகளில்
இந்தக் கிடங்கின் லாரியும் ஒன்று.

என் தொழிலில் இதற்கெல்லாம் சொற்கள் உண்டு.
சிறைக்குப் போய் வந்தவனுக்கு 'வெளியூர்ப் பணி'.
குடித்துக் கிடந்த வருடத்துக்குக் 'குடும்பப் பொறுப்பு'.
அவளுக்கும் ஒன்று போட்டேன்:
'சமூக உணவு வழங்கல், ஒருங்கிணைப்பாளர்.'
சாய்ந்து படித்தாள்.
"தேவாலயத்துப் பொம்பளைங்க மாதிரி இருக்கு.
எடுத்துடு."
எடுத்தேன்.
"இரு. போடு."
போட்டேன்.

முழுப் பூசணிக்காயைச்
சோற்றில் மறைக்கப் பார்க்கிறோம் இருவரும்.
அவளோ அந்தப் பானையில்
தினம் ஒன்பது பூசணிக்காயைத்
தோலோடு வெட்டிப் போட்டவள்.

"என் பேரைத் தேடினா
அந்தப் படம்தான் முதல்ல வரும்" என்றாள்.
"பின்னால புகை, கையில கரண்டி.
அப்ப சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?"
சிரிப்பு வரவில்லை எனக்கு.

நகராட்சி வேலைக்காக ஒரு முறை
என் பயோடேட்டாவிலிருந்து
ஒரு சங்கத்தின் பெயரை எடுத்தேன்.
வேலை கிடைத்தது.
பதினோரு வருடத்தில் எவரும்
என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
அவளிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
இயந்திரத்தில் காகிதம் சிக்கியது,
அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

இரண்டு விதமாகவும் அச்சிட்டோம்.
தட்டச்சுக்குக் காசு வேண்டாம் என்றேன்.
அச்சுக்கு நூற்றறுபது பேசோவைச்
சில்லறையாக எண்ணி வைத்தாள்.
ஒரு தாள் கோட்டின் இடப்பையில்,
ஒன்று வலப்பையில்.

திங்கட்கிழமை ரொட்டிக்கடையில் பார்த்தேன்.
கிடங்கு வாசலில் ஒபாந்தோதான் காவலாம்.
உறையை வாங்கிக்கொண்டு
கொஞ்ச நேரம் பார்த்தானாம் அவளை.
"உப்பு எப்பவும் கொஞ்சம் கம்மியாத்தான் போடுவே"
என்றானாம்.
அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டான்.

"எந்தத் தாளைக் கொடுத்தே?"
அவள் ரொட்டியை எண்ணிக்கொண்டிருந்தாள்.
ஆறு. மறுபடியும் எண்ணினாள், ஆறு.

இன்னும் அழைப்பு வரவில்லை.
என் கணினியில் யஸ்னா1, யஸ்னா2
என்று இரண்டு கோப்புகள்.
எது எது என்று திறந்தால்தான் தெரியும்.
தொலைபேசி எண் மட்டும்
இரண்டிலும் ஒன்றுதான்.