ஆறாவது விண்ணப்பம்

சிப்காட் இரண்டாம் கட்டம். ஓசூர்ப் பனி
கண்ணாடியில் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.
ஐந்து பேர் நிரல் பற்றிப் பேசினார்கள்,
நன்றாகவே.
அஞ்செட்டி நாகவேணி
ரோபோவின் கையைப் பார்க்கவில்லை,
வேலிக் கதவைப் பார்த்தாள்.
பூட்டு சென்சாரில் செருகியிருந்த தகரத் துண்டை
நகத்தால் தட்டி,
"இத யார் சார் வெச்சது?"

நான்தான்.
போன தீபாவளி ஆர்டர், நைட் ஷிப்ட்,
கதவு திறந்தால் லைன் நிற்கும்
என்றெல்லாம் சொல்லவில்லை.
சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றேன்.

படிவத்தில் 'கேள்வி அதிகம்' என்று எழுதி,
அடித்துவிட்டு,
ஆர்டர் அனுப்பச் சொன்னேன்.

மூன்றாம் நாள் அவளிடமிருந்து
ஒற்றை வரி:
தகரத்த எடுத்துட்டீங்களா?

படிக்கும்போதும்
லைன் ஓடிக்கொண்டிருந்தது.