பத்து நிமிடம்

தையல் மெஷினுக்குக் கடன் கேட்டு
காவேரிப்பட்டணம் கிளைக்குப் போனேன்.
"உங்க பேர்ல ஏற்கெனவே ரெண்டு ஓடுதேக்கா" என்றான்
திரையிலிருந்து கண்ணெடுக்காத பையன்.
ஒரு பைக்.
எதற்கென்று போடாத நாற்பதாயிரம்.
இரண்டும் சூரத்தில்.

நான் ஓசூரைத் தாண்டியதில்லை.
அங்கே ஒரு வேடியம்மாள், வயது நாற்பத்தொன்று,
என் பின்கோடோடு பைக் ஓட்டுகிறாள்.
முதலில் சிரிப்புதான் வந்தது.
ஹெல்மெட் போடுவாளா?

ராத்திரி தூக்கமில்லை.
எங்கெல்லாம் கொடுத்தேன் அந்த அட்டையை?
குடைக்குக் கீழே சிம் விற்றவனிடம்,
மாங்கூழ் ஆலையில் சீசனுக்குச் சேர்ந்தபோது,
குழுக்கடன் மேடம் கேட்டபோதெல்லாம்.
ஜெராக்ஸ் கடையில் ஒரு நகல் கூடுதலாக விழுந்தது,
"விடுங்க, வேஸ்ட்டு" என்றான். விட்டேன்.

புகார் எண் கொடுத்தார்கள்.
கூட வேலை செய்யும் ஷப்னம்
சாப்பாட்டு நேரத்தில் என் போனை வாங்கி
கைரேகையைப் பூட்டினாள்.
"இனி நீயே வச்சாலும் திறக்காது."

ரேஷன் கடையில் திறக்கவில்லை.
"மாங்கா பால் பட்டு ரேகை தேஞ்சிருக்கும்,
துடைச்சிட்டு வைம்மா."
தேயவில்லை, பூட்டியிருக்கிறேன் என்றேன்.
வரிசை மொத்தமும் என் விரலைப் பார்த்தது.
ஓடிபி வர நேரமானது.
பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.
பத்து நிமிடத்துக்கு
என்னை எனக்குத் திறந்துவிட்டேன்.

அரிசி மூட்டையைக் கேரியரில் கட்டி முடிப்பதற்குள்
மறுபடி பூட்டிக்கொண்டது.
சூரத்தில் ஏதோ ஒரு சிக்னலில்
பச்சை விழுந்தும் வண்டி கிளம்பாமல்
அவள் உதைத்துக்கொண்டே இருக்கட்டும்.