இணைப்பு உள்ள எவரும்

அந்தக் கோப்புறைக்கு நான் வைத்த பெயர் ‘ஈரம்’.
வேறொன்றும் தோன்றவில்லை. இரவு பதினொன்றரை.
குளியலறைக் கூரையிலிருந்து வாளிக்குள்
சொட்டிக்கொண்டிருந்தது.

ஸ்கார்பரோ, மார்க்கம் வீதி, பதினான்கு மாடி.
ஒவ்வொரு கதவின் கீழும் ஒரு துண்டுச்சீட்டுத் தள்ளினேன்:
படம் எடுங்கள், இங்கே போடுங்கள்.
அனுமதி கேட்ட இடத்தில்
‘இணைப்பு உள்ள எவரும்’ என்பதை அழுத்தினேன்.
எவரும் என்றால் எவரும்தான்,
லிப்டில் ஆறு வருசமாய்
தலையாட்டாதவர்களும்.

முதலில் வந்தது 906இன் பூஞ்சணம்.
அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனையும் வைத்து
எடுத்திருந்தார் அருந்தவம். கணக்காளர்.
பிறகு மரிவிக், 1203: ஊறி உப்பிய தரைப்பலகை.
ஹோதன், 411: ஜன்னல் விளிம்பில் பனிக்கட்டி,
வீட்டுக்கு உள்பக்கம்.
யாரோ ஒலி மட்டும் அனுப்பியிருந்தார்,
ஏழு நிமிடம், வெறும் சொட்டு.
கோப்பின் பெயர் ‘நித்திரை இல்லை’.

எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் வைத்தேன்.
அதைத் திறந்தால் திரையின் மூலையில்
வண்ண வட்டங்கள் எட்டிப்பார்க்கும்:
பெயரற்ற நீர்நாய். பெயரற்ற ஆமை.
பெயர் சொல்லாமல் நுழைபவருக்கு
அந்தக் கம்பனி சூட்டும் பெயர்கள்.
மாடிக்கொரு மிருகமாய்
விழித்துக் கிடந்தோம்.

ஒட்டகம் மட்டும் எதையும் எழுதாது.
வரும், பார்க்கும், போகும்.
நிர்வாகத்தின் ஆள்தான் என்றார் அருந்தவம்.
அன்றிரவே அனுமதியைத் திருத்தினேன்:
எவரும் பார்க்கலாம்,
பெயர் தந்தவர் மட்டும் போடலாம்.
எழுதிவிட்டுக் கொஞ்சம் வெட்கமாயிருந்தது.

ஏப்ரலில் இடம் தீர்ந்தது.
மேகம் என்கிறார்கள், அதற்கும் ஒரு கொள்ளளவு:
இலவசமாய்ப் பதினைந்து ஜிபி, என் கணக்கில்.
பெரியதிலிருந்து சிறியதாய் அடுக்கினேன்.
உச்சியில் நான்கு ஜிபிக்கு ஒரு காணொளி,
அபிசனின் ஐந்தாவது பிறந்தநாள்.
708 தர்மிளா தவறி ஏற்றியது.
இதற்கா இவ்வளவு இடம் என்று
குப்பைத்தொட்டிப் படத்தின்மேல் அம்புக்குறியை வைத்தேன்.

வைத்தவள், ஏனோ, ஓட்டிப் பார்த்தேன்.
பச்சை டைனோசர் கேக்.
பாதித் திரையை மறைக்கும் யாருடையதோ கட்டைவிரல்.
பதினோராவது நிமிடத்தில்
ஊதாமலே அணைகிறது ஒரு மெழுகுதிரி.
பிள்ளைகள் கத்திச் சிரிக்கிறார்கள்.
அபிசன் அண்ணாந்து பார்க்கிறான், கமெராவும்:
பழுப்பு வட்டம்,
நடுவில் அடுத்த துளி.

கேக் தட்டும் கையுமாய்
கூடவே அண்ணாந்து நிற்கிறார் கிளைவ்,
கட்டடக் கண்காணிப்பாளர்.
“நாளைக்குச் சொல்கிறேன் மேலே” என்கிறார் ஆங்கிலத்தில்.
பெப்ரவரி ஒன்பது.
மார்ச் முடியும்வரை கசிவே தெரியாதென்று
கடிதம் போட்டிருந்தது நிர்வாகம்.

தர்மிளாவைக் கூப்பிட்டேன்.
“கிளைவ் நல்ல மனுசன்” என்றாள்.
பனி தள்ளுகிற அந்த மனிதரை
நாங்கள் இருவரும் கொஞ்சநேரம் நினைத்தோம்.
பிறகு, “போடுங்கோ.”

மாதம் இரண்டு டொலர் எழுபத்தொன்பது சதம்
கட்டி இடம் வாங்கினேன்.
விசாரணையும் திரையில்தான் நடந்தது.
மெழுகுதிரி அணைந்தபோது
நிர்வாகத்தின் வழக்கறிஞர்
மைக்கை மூடிக்கொண்டார்.

மூன்று மாத வாடகையில் பாதி திரும்பி வந்தது.
கூரைகள் பூசப்பட்டன.
கிளைவின் கதவில் புதுப் பெயர் ஒட்டியிருந்தது.
எங்கே போனார் என்று கேட்டேன்.
அதற்கு மட்டும்
யாரிடமும் இணைப்பு இல்லை.

நேற்று, விடியப்புறம் இரண்டு மணி,
பட்டியலைத் திறந்தால் மூலையில் ஒட்டகம்.
அதே ஒட்டகம்தானா, சொல்ல முடியாது,
மிருகங்களை மாற்றி மாற்றித் தருவார்கள்.
708 என்ற கட்டத்தில் நின்றது.
‘யார்?’ என்று பக்கத்தில் தட்டினேன்,
அனுப்பாமல் அழித்தேன்.

இனிமேல் அந்தக் கோப்புறை யாருக்கும் தேவையில்லை.
பூட்ட ஒரு சொடுக்குப் போதும்.
இந்த மாதமும்
இரண்டு டொலர் எழுபத்தொன்பது சதம் கழிந்திருக்கிறது.