செகண்ட்ஸ் இதயம்

இன்றைக்கு மூவாயிரத்து எழுநூறு இதயங்களைப்
புரட்டிப் பார்த்தேன்.
பொறாமை வேண்டாம்.
எல்லாம் பனியனில் அச்சடித்தவை,
பிப்ரவரிக்குள் ஐரோப்பா போயாக வேண்டியவை.

நூல் தொங்கல், எண்ணெய்க் கறை,
இடப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் சாய்ந்த இதயம்
(உடம்பிலும் அது அங்கேதான் இருக்கிறது,
ஆனால் வாங்குகிறவர் நடுவில் கேட்கிறார்).
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளினேன்
நூற்றுப் பன்னிரண்டு.

பெயர் சென்னியப்பன். திருப்பூர்.
பகலில் செக்கிங், பொழுதோட கவிதை.
இரண்டும் ஒரே சோலிதான்:
யாரோ செய்த பிழைக்கு
நான் பெருமூச்சு விடுவது.

ஓவர்லாக் மூன்றாம் வரிசையில் சுகந்தாமணி.
நிலவென்று எழுதினேன், அடித்தேன்.
நிலவுக்கு ஒரு ஷிப்ட், அவளுக்கு ஒன்றரை.
நிலவுக்கு மாதம் ஒருநாள்
அமாவாசை லீவும் உண்டு.

எங்கள் பக்கம் காதல் சொல்வதில் ஒரு சங்கடம்,
எதைத் தொட்டாலும் மரியாதை ஒட்டிக்கொள்ளும்.
"உங்களப் புடிச்சிருக்குதுங்க" என்றேன்.
மீட்டர் பார்க்க வந்தவன் குரல் போல
எனக்கே கேட்டது.
ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் அவள்
"அதுக்கு நான் என்னங்க பண்ணோணும்?" என்றாள்.

நியாயமான கேள்வி.
நானூறு கவிதை எழுதியவனிடம்
இதற்கு ஒரு வரி இல்லை.

காதலுக்கு இருவர் போதும்.
கல்யாணத்துக்குக் கூட்டம் வேண்டும்,
அதுவும் வேறுவேறு கூட்டமாக வேண்டும்.
தரகர் ராக்கியண்ணனைப் போய்ப் பார்த்தேன்.
"தோட்டம் எத்தன ஏக்கருங்க?"
"கவித நானூறு இருக்குதுங்க."
"பாசனம்? கெணறா, வாய்க்காலா?"
"தானா ஊறுமுங்க."
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
நோட்டில் குறித்தார்:
மானாவாரி.

கவிதை என்றால் வாழ்க்கையைப் பற்றியும்
ஏதாவது சொல்லவேண்டுமாம். சொல்கிறேன்.
சனிக்கிழமை சம்பளம்.
ஞாயிற்றுக்கிழமை கறி.
திங்கட்கிழமை அட்வான்ஸ் கேட்டு நிற்பது.
தத்துவம் புதன்கிழமைதான் பிறக்கிறது,
சட்டைப்பையில் அதற்கு இடமிருக்கும்போது.

மாப்பிள்ளை திருச்செங்கோட்டுப் பக்கம்,
ரிக் வண்டி இரண்டு ஓடுகிறது.
அவருக்கும் அடிக்கணக்கு, எனக்கும் அடிக்கணக்கு.
ஆயிரத்து இருநூறு அடி இறங்கிப்
புழுதியே பறந்தாலும்
அவர் அடிக்குக் காசு உண்டு.
என் அடியில் ஊற்றே எடுத்தாலும்
ஒரு டீ வந்ததில்லை.

பத்திரிகை வைக்க அவளே வந்தாள்.
"பேனருக்கு நாலு வரி எழுதித் தாங்க,
நீங்க நல்லா எழுதுவீங்களாமா."
வாழ்நாளில் அவள் கேட்டது அது ஒன்று.
எழுதினேன்.

அவிநாசி ரோட்டு மண்டப வாசலில்
முப்பதடி உயரத்தில் என் கவிதை,
நாலு ரோஜா, இரண்டு அன்னம்,
யாரென்று தெரியாத ஒரு மாமாவின் மீசை.
"இருமனம் இணையும்" என்று எழுதியதை
"இருமணம் இணையும்" என்று
அச்சடித்திருந்தார்கள்.

முந்தின நாளே பார்த்துவிட்டேன்.
பிழை பிடித்தே சோறு தின்கிறவன்,
அன்றைக்கு மட்டும்
கையில் ஸ்டிக்கர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையேறி மொய்க்கவர் நீட்டினேன், ஐநூற்றொன்று.
மாலைக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள்:
"ஒரு சுழி கூடிப் போச்சாட்ட இருக்குதுங்களே.
செக்கிங்ல உட்டுட்டீங்களா?"

சிரிக்கிறாளா என்று பார்ப்பதற்குள்
போட்டோக்காரர் என்னை நகரச் சொன்னார்.

பந்தியில் எனக்கு மட்டும்
பாயசம் இரண்டு தரம் ஊற்றினார்கள்.
யார் சொல்லி என்று கேட்கவில்லை.
கவிஞனுக்குச் சில பிழைகள்
திருத்தப்படாமல் இருப்பதே நல்லது.

ஞாயிற்றுக்கிழமை
ஓர் எழுத்தில் காதல்பேட்டை ஆகாமல் தப்பித்த
காதர்பேட்டைக்குப் போனேன்.
தரையில் குவியலாகக் கிடந்தன
நான் ஒதுக்கிய இதயங்கள்.
மூன்று இருநூறு ரூபாய்.
"ஒண்ணு போதுமுங்க" என்றேன்.
பையன் ஏற இறங்கப் பார்த்தான்,
இடப்பக்கம் சாய்ந்த ஒன்றை எடுத்து உதறினான்.
என் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது.

"சாயம் போகுமா தம்பி?"

வியாபாரத்துக்கு லாயக்கில்லாத நேர்மை அவனுக்கு.
"போவுமுங்க.
ஆனா ஒரேயடியாப் போவாதுங்க."